டெஸ்ஸின் குழந்தையும் நம் மையவாடியும்

சிதம்பரத்தில் ஆங்கில இலக்கியம் பயின்ற காலத்தில் எங்களுக்குப் பாடமாக அமைந்த நாவல்களுள் ஒன்று தாமஸ் ஹார்டியின் 'டெஸ்'. அதனை நடத்திய பேராசிரியர் தமிழிலும் தேர்ந்தவர். ஹார்டி காட்டும் ஊழையும் சிலம்பு காட்டும் ஊழையும் ஒப்பிட்டு அவர் மணிக்கணக்கில் பேசுவார். நாங்களும் வாய்பிளந்து கேட்டிருப்போம். ஒருநாள், டெஸ்ஸின் பச்சைக் குழந்தை இறந்து, அதனைக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி அடக்கம் செய்யப் பாதிரியார் மறுக்கும் பகுதி வந்தது. நகரத்திலிருந்து வந்து படித்த நண்பர் ஒருவர் எழுந்து, "குழந்தைதான் இறந்துவிட்டதே ஐயா, எந்தக் குழியில் போட்டால் என்ன?" என்று வினவினார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கரையோரத்தில், பள்ளிவாசலைச் சுற்றி வீடுகளும் வீடுகளுக்கு அப்பால் மையவாடியும் அமைந்த ஓர் ஊரில் வளர்ந்தவன் நான். எந்தக் குழியில் என்ற கேள்வி எத்தகையது என்பதை ஹார்டியைப் படிப்பதற்கு முன்பே அறிந்திருந்தேன். அப்பகுதியை நான் ஆங்கில நாட்டுக் கதையாகப் படிக்கவில்லை. எங்கள் தெருவில் நடந்ததாகவே படித்தேன். அந்தப் படிப்பு சரியானதுதானா, அதிலிருந்து நம் நாவல்களைப் பற்றி ஏதேனும் விளங்குகிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் அந்த ஊர் எத்தகைய ஊர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் 'பாரிஷ்' என்று வழங்குவதை நம் நாட்டுக் கத்தோலிக்கர் 'பங்கு' என்பர். திருநெல்வேலிச் சீமைச் சபையார் 'சேகரம்' என்பர். ஒரு கோயில், அதற்கு ஒரு குரு, அவருக்கு எல்லை வகுத்த ஒரு நிலப்பரப்பு. 1538-ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் பிறப்பித்த ஆணையின்படி, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பங்கிலும் ஏட்டில் எழுதி வரலாயினர். நாட்டரசே ஏற்றுக்கொண்ட சமயம் ஆதலால், எல்லைக்குள் குடியிருப்பவர் கோயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் அந்தப் பங்கைச் சேர்ந்தவரே. விளைச்சலில் பத்தில் ஒன்றாக இருந்து பின்னர்ப் பணமாக மாற்றப்பட்ட தசமபாகம் அந்த நிலத்தின்மீது ஏறியே நின்றது. இறந்தபின் ஆறடி மண்ணும் பெரும்பாலான சிற்றூர்களில் அந்த ஒரே தோட்டத்தில்தான் கிடைத்தது.

நம் மஹல்லா இதனோடு ஒத்ததுபோல் தோன்றும். நிக்காஹ் தஃப்தர் இருக்கிறது, சந்தா இருக்கிறது, மையவாடி இருக்கிறது. ஆனால் வேற்றுமை பெரிது. மஹல்லா ஒரு நிலப்பரப்பு அன்று. ஒரு பள்ளியைச் சார்ந்த மக்கள். அதன் எல்லைக்குள்ளேயே வேறு சமயத்தார் வாழ்வர். அவர்தம் திருவிழாவும் அதே தெரு வழியாகப் போகும். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது அங்குள்ள தர்காவின் சார்பில் மரியாதை செய்யப்படுவதைச் சிதம்பரம் வட்டாரத்தார் அறிவர். ஆங்கில நாட்டுப் பங்கில் இதற்கு ஒப்பான காட்சி எதையும் நான் படித்ததில்லை. ஆங்கே ஆண்டுக்கொருமுறை ஊரார் கூடிக் கோலால் எல்லைக் கற்களைத் தட்டி, இதுவரை நமது என்று உறுதி செய்துகொள்ளும் வழக்கமே இருந்தது.

இன்னொரு வேற்றுமை இலக்கியத்துக்கு மிகவும் முக்கியமானது. அங்குக் குருவை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் ஊர்ப் பெருநிலக்கிழாரிடமோ, ஆயரிடமோ, பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றிடமோ இருக்கும். ஒருமுறை நியமித்தபின் ஊரார் அவரை எளிதில் அசைக்க இயலாது. வீடும் வருவாயும் அவருடைய வாழ்நாள் உரிமை. எனவே ஆங்கில நாவலில் வரும் பாதிரியார், நல்லவரோ தீயவரோ, ஊருக்கு மேலே நிற்பவர். நம் ஊர்ப் பள்ளியின் இமாமோ, லெப்பையோ, ஜமாஅத்தார் வைத்தால் இருப்பார், போகச் சொன்னால் போவார். அவர் ஊருக்குக் கீழே நிற்பவர். ஆங்கே 'முடியாது' என்று சொல்லும் வாய் பாதிரியாருடையது. இங்கே அது முத்தவல்லியுடையதாகவோ, ஊர்ப் பெரும்பணக்காரருடையதாகவோ இருக்கும்; இமாம் தலைகுனிந்து நிற்பார். ஒரே மறுப்பு, இரண்டு நாடுகளில் இரண்டு வாய்களிலிருந்து வருகிறது. நாவலாசிரியர் எந்த வாயை எழுதுகிறார் என்பது இதனால் வேறுபடுகிறது.

டெஸ்ஸின் குழந்தைக்கு நேர்ந்தது வெறுங்கற்பனை என்று எண்ணிவிடக் கூடாது. 1878-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஆங்கில நாட்டின் கிழக்குப் பகுதியான சஃபோக்கில், ஏக்கன்ஹம் என்னும் சிற்றூரில் ஜோசப் ராம்சே என்னும் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பெற்றோர் பாப்டிஸ்டு சபையினர். குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் செய்விப்பது அச்சபையின் கொள்கை அன்று. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குத் திருச்சபை முறைப்படி அடக்க வழிபாடு இல்லை என்றார் பங்குக்குரு ஜார்ஜ் ட்ரூரி. வேறு சபைக் குரு கல்லறைத் தோட்டத்துக்குள் வழிபாடு நடத்தவும் அந்நாள் சட்டம் இடம் தரவில்லை. எனவே விக்ஹம் டோசர் என்னும் வேறு சபைக் குரு, தோட்டத்துக்கு வெளியே புல்வெளியில் நின்று வேதம் படிக்கத் தொடங்கினார். ட்ரூரி குறுக்கிட்டார், பிணப்பெட்டியை வைத்துக்கொண்டே இரு குருமாரும் வாய்ச்சண்டையிட்டனர், முடிவில் ட்ரூரி வாயிலைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். செய்தி பத்திரிகையில் வந்தது. ட்ரூரி அப்பத்திரிகையின்மீது மானநஷ்ட வழக்குத் தொடுத்து வெற்றியும் பெற்றார். நீதிமன்றம் அவருக்கு வழங்கிய தொகை நாற்பது ஷில்லிங். தொகையின் சிறுமையைப் பார்த்தே அந்தத் தீர்ப்பின் உட்பொருளை நாடு தெரிந்துகொண்டது. இரண்டே ஆண்டுகளில், 1880-இல், அடக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் திருத்தியது. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டால், பங்குக் கல்லறைத் தோட்டத்தில் வேறு சபை முறைப்படியோ, எந்த வழிபாடும் இன்றியோ அடக்கம் செய்யலாம் என்பது அத்திருத்தம்.

ஹார்டியின் 'டெஸ்' 1891-இல் வெளிவந்தது. சட்டம் மாறிப் பதினோர் ஆண்டுகள் கழிந்துவிட்டன. பின் ஏன் அவர் அதை எழுதினார்? இதற்கு அக்காட்சியே விடை. டெஸ் வேறு சபையினள் அல்லள். அந்தப் பங்கைச் சேர்ந்த ஏழைப் பெண். மணமாகாமலே தாயானவள். குழந்தை சாகக் கிடக்கும் இரவில், குடும்ப மானத்துக்கு அஞ்சிய தந்தை பாதிரியாரை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று கதவைப் பூட்டிவிடுகிறார். அவள் தம்பி தங்கையரை எழுப்பி மண்டியிட வைத்து, கை கழுவும் தொட்டி நீரைக்கொண்டு தானே குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்விக்கிறாள். மறுநாள் பாதிரியாரிடம் சென்று, நான் செய்தது செல்லுமா என்று கேட்கிறாள். செல்லும் என்கிறார். அப்படியானால் முறைப்படி அடக்கம் செய்வீர்களா என்றதும் அவருக்கு வழியில்லாமல் போகிறது. இரக்கம் ஒருபுறம், விதி ஒருபுறம், ஊர் என்ன சொல்லுமோ என்பது ஒருபுறம். அவர் கொடியவர் அல்லர் என்பதுதான் அக்காட்சியின் வலிமை. கொடியவராக இருந்திருந்தால் நாம் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்போம். அன்றிரவு விளக்கொளியில், குழிவெட்டிக்கு ஒரு ஷில்லிங்கும் கொஞ்சம் பீரும் கொடுத்து, முள்செடி மண்டிய மூலையில், குடிகாரரும் தற்கொலை செய்துகொண்டவரும் கிடக்கும் இடத்தில், குழந்தை புதைக்கப்படுகிறது. இரண்டு சிலாகைகளைக் கட்டிச் சிலுவை செய்து நட்டு, பழப்பாகு வந்த பழைய சாடியில் பூ வைக்கிறாள் தாய். ஏக்கன்ஹமில் சட்டம் எதனைத் திருத்திற்றோ அதனை ஹார்டி எழுதவில்லை. சட்டம் தொடாத இடம் ஒன்று இருந்தது; அதனைத்தான் எழுதினார்.

இங்கே நம் போன்ற மாத இதழ்களின் வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'டெஸ்' முதலில் தொடர்கதையாக வந்தது 'கிராஃபிக்' என்னும் வார இதழில். அது குடும்பங்கள் படிக்கும் இதழ். நள்ளிரவு ஞானஸ்நானக் காட்சி அத்தொடரில் இல்லை. ஹார்டி அதனைப் பெயர்த்தெடுத்து, வேறோர் இதழில் தனித்துண்டாக வெளியிட்டார். நூலாக்கியபோதுதான் அது உரிய இடத்தில் சேர்ந்தது. குடும்பத்தார் படிக்கும் பக்கத்தில் குடும்பத்தின் துயரத்துக்கு இடமில்லை என்று அன்றைய பத்திரிகை உலகம் கருதியிருக்கிறது. ஊர் குழந்தையை மூலைக்குத் தள்ளிற்று. பத்திரிகை அக்காட்சியையும் மூலைக்குத் தள்ளிற்று.

ஹார்டி அந்த ஊரை வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1840-இல் டார்செட் மாவட்டத்தில் ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தவர். பாட்டனாரும் தந்தையும் ஸ்டின்ஸ்ஃபோர்டு பங்குக் கோயிலில் வயலின் முதலிய கருவிகளை இசைத்தவர்கள். அத்தகைய ஊர் இசைக்குழு ஒன்றைப் புதிய பாதிரியார் ஆர்கன் கருவிக்காகக் கலைப்பதே 1872-இல் வந்த 'அண்டர் த கிரீன்வுட் ட்ரீ' என்னும் சிறு நாவலின் கரு. அதைப் படிக்கும்போது தஃப் அடித்து பைத் ஓதிய நம் முதியவர்களின் கூட்டங்கள் நினைவுக்கு வராமல் போகா. பின்னாளில் ஹார்டிக்குத் திருச்சபையின் நம்பிக்கைகள் கரைந்துவிட்டன; ஊரின்மேல் கொண்ட பற்றுக் கரையவில்லை. 1928-இல் அவர் மறைந்தபோது சாம்பலை இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வைத்தார்கள். இதயத்தை மட்டும் தனியே எடுத்து ஸ்டின்ஸ்ஃபோர்டுத் தோட்டத்தில் அடக்கினார்கள். எங்கே புதைத்தால் என்ன என்று அவருடைய நாட்டாரும் எண்ணவில்லை போலும்!

"இவையெல்லாம் அவர்கள் சமயத்தின் குறை, நம்மிடம் இவ்வேற்றுமை இல்லை" என்று கூறும் அன்பர்கள் உண்டு. மேடையில் இதைக் கேட்டுக் கைதட்டியவர்களுள் நானும் ஒருவன். அவர்கள் காட்டும் சான்று வலிமையானதுதான். ஜோசப் ஆர்ச் என்னும் விவசாயத் தொழிலாளர் தலைவர் தம் இளமையை நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். வார்விக்‌ஷயரில் பார்ஃபோர்டு கோயிலில் திருவிருந்து நடக்கையில், சிறுவனான அவர் கதவின் சாவித்துளை வழியாகப் பார்த்தார். முதலில் பெருநிலக்கிழார் எழுந்து சென்றார். பிறகு குத்தகை விவசாயிகள். பிறகு கடைக்காரரும் கைத்தொழிலாளரும். கடைசியில், எல்லாரும் இருக்கைக்குத் திரும்பிய பின், கூலியாட்கள். தம் தந்தை அக்கடைசி வரிசையில் நின்றதை அவர் மறக்கவில்லை. 1872-இல் வெல்ஸ்போர்னில் ஒரு மரத்தடியில் கூலியாட்களைத் திரட்டிப் பேசிச் சங்கம் கண்டவரும் 1885-இல் பாராளுமன்ற உறுப்பினர் ஆனவரும் இந்தச் சிறுவனே.

நம் பள்ளிவாசலில் ஸஃப்பு என்னும் வரிசைக்கு முதலாளி, கூலி என்ற பேதம் இல்லை. முந்தி வந்தவர் முன்வரிசை. இது உண்மை, இதில் நமக்குப் பெருமை உண்டு. ஆயினும் ஸஃப்பைக் காட்டியே எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லிவிடலாகாது. பள்ளிக்குள் தோளோடு தோள் நின்றவர்கள், தொழுகை முடிந்து வாசற்படி தாண்டியதும் எவ்வாறு நிற்கிறார்கள் என்பதே நாவலாசிரியன் பார்க்கும் இடம்.

நான் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது கண்டதைச் சொல்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம். எங்கிருந்தோ வந்து தங்கிக் கோரைப்பாய் முடைந்து பிழைத்த ஒருவர் ஒரு விடியற்காலையில் மௌத்தானார். பல ஆண்டுச் சந்தா அவர் பேரில் பாக்கி. வெளியூர்க்காரர், பேச உறவில்லை. சந்தூக்கு எடுப்பதா, பாக்கியைத் தீர்ப்பது யார் என்ற பேச்சு லுஹர் தாண்டியும் முடியவில்லை. மையித்து ஒரு திண்ணையில் பாயால் மூடிக் கிடந்தது. அவர் முடைந்த பாயாகவே இருக்கலாம். லெப்பை பலமுறை வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அஸர் நேரத்தில் என் பாட்டனார் பாக்கியைக் கட்டினார். கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து என் தாயாரிடம், "பணம் கட்டினது தப்பு. கட்டாமலே தூக்கியிருக்கணும்" என்றார். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. அடக்கம் நடந்தது, குழி மட்டும் ஒதுக்குப்புறத்தில்.

மார்க்கம் இதற்கு இடம் தரவில்லை. கடனோடு இறந்தவருக்கும் அடக்கம் உண்டு; அது ஊரார் அனைவர்மீதும் கடமை; சிலர் நிறைவேற்றிவிட்டால் மற்றவர்மீதிருந்து நீங்கும், ஒருவரும் நிறைவேற்றாவிடில் எல்லாரும் குற்றவாளிகள் என்பதை மதரஸாவில் ஓதிய சிறுவனும் சொல்லுவான். பாதிரியாருக்கு அவருடைய சமயச்சட்டம் குறுக்கே நின்றது. எங்கள் ஊராருக்கு அந்தச் சாக்குக்கூட இல்லை. இவ்வகையில் பார்த்தால் டெஸ்ஸின் பாதிரியார் நம்மினும் மன்னிக்கத் தக்கவர்.

இனி, நம் ஊர்களை எழுதியவர்கள் யாவர்? ஹார்டி எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் தென்னார்க்காட்டை எழுதியவர்கள் கலெக்டர் கச்சேரியைச் சேர்ந்த ஆங்கிலேயர்கள். கார்ஸ்டின் தொகுத்த தென்னார்க்காடு மாவட்டக் கையேடு 1878-இல், கொடும்பஞ்சத்தின் இறுதியில் வெளிவந்தது. ஃபிரான்சிஸ் எழுதிய கெஸட்டியர் 1906-இல் வந்தது. நிலவரி, பாசனம், சாதிகள், தொழில்கள் எல்லாம் உண்டு. லெப்பை, மரைக்காயர் என்ற பெயர்களும் உண்டு. பயனுள்ள நூல்கள், குறைகூற வரவில்லை. ஆனால் அவற்றில் நாம் எண்ணப்பட்டிருக்கிறோமே தவிர, பேசவில்லை. இறந்தவர்களிலும் இந்தக் கணக்குத் தொடர்கிறது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் மண்ணாகிவிட்ட ஐரோப்பியக் கப்பல் தலைவர்கள், வணிகர்கள், அவர்தம் கைக்குழந்தைகள் எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. கூப்பிடு தொலைவில் நின்ற மீஸான் கற்கள் அந்நூலின் எல்லைக்குள் வரவில்லை. நாமாவது அவற்றைப் படித்து எழுதிவைத்தோமா? காட்டனைக் குறை சொல்லும் முன் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

இவர்களிடையே ஒருவர் சற்று வேறானவர். கில்பர்ட் ஸ்லேட்டர், ஆங்கில நாட்டுப் பங்குகளில் ஊர்ப் பொது நிலங்கள் எவ்வாறு வேலியிட்டு அடைக்கப்பட்டன, அதனால் சிறுகுடிகள் எவ்வாறு கூலிகளாயினர் என்று ஆராய்ந்து 1907-இல் நூல் எழுதியவர். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து, மாணவர்களைக்கொண்டு சிற்றூர்களை ஆராய்ந்து 1918-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் அன்றைய தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் ஒன்று. ஆங்கிலப் பங்கைப் படித்த கண்ணால் நம் ஊரைப் பார்த்த நூல் அது. வெளியார் கேட்ட கேள்விகளுக்கு உள்ளூரார் விடை சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு எத்தனை ஏக்கர் என்ற கேள்வி இருந்தது; யாரை எந்த மூலையில் அடக்கினார்கள் என்ற கேள்வி இல்லை. அது பொருளாதார நூலின் வேலையும் அன்று.

அந்தக் கேள்வி நாவலுக்கு உரியது. நம்மவர் நாவலை அறியாதவர்களும் அல்லர். அறிஞர் சித்திலெவ்வை 'அஸன்பே சரித்திரம்' வெளியிட்டது 1885-இல். தமிழ் நாவல்களின் வரிசையில் மிக முற்பட்டது. ஹார்டியின் 'மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்' வந்தது அதற்கு மறு ஆண்டு. ஆனால் ஹார்டி தம் ஊர்ச் சந்தையை எழுத, சித்திலெவ்வையின் கதை மிசுறு தேசத்துக் கெய்ரோவில் தொடங்கி, பம்பாய் வழியாக எங்கெங்கோ செல்கிறது. கதைத்தலைவன் உயர்குடிப் பிறப்பினன். அவர் நாள்தோறும் நடந்த கண்டித் தெருக்கள் அதில் இடம்பெறவில்லை. அவரைக் குறைகூற முடியாது. மிசுறு நாட்டு அராபி பாஷா 1883-இல் நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்திருந்த நேரம். சித்திலெவ்வை அவரோடு நெருங்கிப் பழகியவர். தாழ்ந்து கிடந்த சமுதாயத்துக்கு அவர் உயர்ந்த வடிவம் ஒன்றைக் காட்ட விரும்பினார். 'முஸ்லிம் நேசன்' நடத்தியதும் பள்ளிகள் தொடங்கியதும் அதே நோக்கத்தால். எனினும் அன்று ஏற்பட்ட அந்தப் பழக்கம், நாவல் என்றால் நம்மை உயர்த்திக் காட்டுவது என்னும் எண்ணம், நம் எழுத்தாளர்களை நெடுங்காலம் விடவில்லை என்பது என் கணிப்பு. நம் தெருவை எழுதினால் நம் குறை வெளியாகும். குறை வெளியானால் பிறர் நகைப்பர் என்ற அச்சம் பெரியவர்களுக்கு இருந்தது. அவ்வச்சத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஹார்டி எழுதியபோது அவர் சமயத்தார் அந்நாட்டில் பெரும்பான்மையினர்; ஆட்சியும் அவர்களுடையது. சிறுபான்மையினன் தன் வீட்டுக் கதவைத் திறந்து காட்டுவதில் இரட்டைத் துணிவு வேண்டும்.

அந்தத் துணிவு மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரானிடம் இருந்தது. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் நூலாக வந்தது. அதற்கு முன்பே அது தொடராக வெளிவந்த இடம் 'முஸ்லிம் முரசு'. ஆங்கில நாட்டுக் குடும்ப வார இதழ் டெஸ்ஸின் குழந்தைக்குத் தர அஞ்சிய இடத்தை, நம் குடும்பங்கள் படித்த ஒரு மாத இதழ் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் கதைக்குத் தந்தது. நம் இதழியல் வரலாற்றில் இதனை இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்நாவலில் ஊரின் வாய் முதலாளியுடையது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அவர் சொன்னால் அது மார்க்கத் தீர்ப்பாகிவிடுகிறது. அதற்கு ஏற்ப ஓதத் தெரிந்தவர்கள் அவர் திண்ணையில் இருக்கிறார்கள். எதிர்த்து நிற்பவன் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது. நாஞ்சில் கரையோர முஸ்லிம்களின் பேச்சுமொழியை ஆசிரியர் மெருகிடாமல் தருவதால், தென்னார்க்காட்டு வாசகனுக்கு முதற்சில பக்கங்கள் தடுக்கும். பிறகு அந்தத் தடுக்கலே சுவையாகிவிடும். முதலாளியின் வீழ்ச்சியை எழுதும்போது ஆசிரியர் மகிழ்வதில்லை. இடிந்த வீட்டைப் பார்க்கும் பங்காளியின் துயரம் அவருக்கு உண்டு. அங்கே அவர் ஹார்டிக்கு நிகராகிறார்.

ஓரிடத்தில் அவர் குறைகிறார் என்பதையும் சொல்லாமல் விட்டால் இது திறனாய்வு ஆகாது. ஊரை ஏமாற்ற வரும் தங்களும், அவரைச் சுற்றி நிற்கும் ஓதுவோரும் பெரும்பாலும் நகைப்புக்கு உரியவர்களாகவே நின்றுவிடுகிறார்கள். ஹார்டி தம் பாதிரியாருக்குத் தந்தது இரண்டு மூன்று பக்கங்களே. அவற்றுக்குள் அம்மனிதர் தமக்குள் முறிவதைக் காண்கிறோம். சம்பளத்துக்கும் மனச்சான்றுக்கும் இடையே நிற்கும் ஏழை இமாம், பலமுறை வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிய எங்கள் ஊர் லெப்பை, இன்னும் தமக்குரிய நாவலாசிரியருக்காகக் காத்திருக்கிறார். பெண்களின் அறைகளைச் சல்மா 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் திறந்தார். டெஸ்ஸை முழுமையாக விளங்கிக்கொள்ள அந்நூல் எனக்குத் துணைசெய்தது. அதனை விரித்துரைக்கத் தனிக்கட்டுரை வேண்டும்.

நாவல் எழுத எல்லாராலும் இயலாது. ஆனால் ஆங்கிலப் பங்கு வாழ்வை நாம் இன்று இத்தனை நுணுக்கமாக அறிவதற்கு நாவலாசிரியர்கள் மட்டும் காரணர் அல்லர். ஃபிரான்சிஸ் கில்வர்ட் என்னும் துணைக்குரு, வேல்ஸ் எல்லையோரத்துச் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளையும் முதியவர்களையும் பார்த்து வந்ததை 1870 முதல் நாட்குறிப்பாக எழுதினார். 1879-இல் முப்பத்தெட்டு வயதில் இறந்தார். குறிப்பேடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள் 1938-க்கும் 1940-க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வந்து பெரும்புகழ் பெற்றன. அதன் பிறகும், எஞ்சிய ஏடுகளில் மிகப் பலவற்றைக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் அழித்துவிட்டார். குடும்பச் செய்தி பிறர் கைக்குப் போகக் கூடாதென்பது காரணம். இதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள் தகரப்பெட்டியோடு அடுப்புக்குப் போன வீடுகள் நம் கரையோரத்தில் எத்தனை!

சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஊருக்கு மீண்டும் போயிருந்தேன். பாய் முடைந்தவரின் பெயர் எனக்கு நினைவில்லை. அவருக்கு அவ்வூரில் நிக்காஹ் நடக்கவில்லை. ஆதலால் தஃப்தரில் பெயர் இராது. சந்தாக் கணக்குப் புத்தகத்தில் பாக்கிக்கு நேரே பெயர் எழுதியிருப்பார்களே என்று கேட்டுப் பார்த்தேன். பழைய கணக்குகள் எல்லாம் 2011 டிசம்பரில் வந்த 'தானே' புயலில் நனைந்து, ஒட்டிப்போய், குப்பையோடு சென்றுவிட்டன என்றார்கள். குழி வெட்டும் பெரியவர் என்னை மையவாடியின் மேற்கு மூலைக்கு அழைத்துப் போய், கருவேல முள்ளைக் கழியால் ஒதுக்கிப் பிடித்தார். மண் சற்று மேடாக இருந்த இடங்கள் நான்கைந்து தெரிந்தன. "இதிலே ஒண்ணு" என்றார்.